ஒரு பானைச் சோறல்ல ஓர் இனம்



இன்றைய பதிவு சிலருக்குக் கசக்கும் என்பதை அறிவேன். கசந்தாலும் மருந்து மருந்துதான் என்பதால் எழுதுகிறேன்.

நம்முள் படித்தவர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நான்கு ஆசிரியர்கள் கூடித் தேநீர் அருந்தும் இடமாகட்டும், பெற்றோர்களின் புலனக் குழுவாகட்டும், இந்நாட்டு மலாய்க்காரர்களைப் பற்றியோ அவர்களின் சமயத்தைப் பற்றியோ பேச்சு எழுந்தால் போதும். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நைபால் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டாரே!" என்பார். நோபல் பரிசு பெற்றவரின் பெயர் வந்ததும் மற்றவர்கள் தலையாட்டுவர். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்த நூலை முழுமையாகப் படித்தவர் அக்கூட்டத்தில் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை.

அதே நண்பரிடம், "ஐயா, அதே நைபால் இந்தியாவைப் பற்றியும் எழுதியிருக்கிறாரே, அதையும் ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் சிவக்கும். "அவருக்கு இந்தியாவைப் பற்றி என்ன தெரியும்? எங்கோ கரிபியத் தீவில் பிறந்தவர்! கொஞ்ச நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, மக்கள் வெளியில் மலங்கழிப்பதைப் பக்கம் பக்கமாக எழுதியவர்!" என்று பொங்குவார்.

இஃது என்ன நியாயம்? எழுதிய கை ஒன்று. எழுதிய முறையும் ஒன்று. நம்மைப் பற்றி எழுதினால் அவதூறு, அண்டை வீட்டாரைப் பற்றி எழுதினால் ஆய்வு! இந்த இரட்டை நாக்கைத்தான் இப்பதிவில் கண்டிக்க வந்தேன். நைபாலைப் படிக்க வேண்டா என்று நான் சொல்லவில்லை. அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, நமக்கு வேண்டிய தீர்ப்பை வாங்கிக்கொள்ளும் நம் வழக்கம் ஒழிய வேண்டும் என்கிறேன்.

நமக்கு உறவான எழுத்தாளர்

வி. எஸ். நைபால் 1932-ஆம் ஆண்டு டிரினிடாட் தீவில் உள்ள சாகுவானாஸ் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் வட இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் கூட்டத்தில் போனவர்கள். 1845-இல் முதல் கப்பல் டிரினிடாட்டை அடைந்தது. 1917 வரை அந்த முறை நீடித்தது. நம் கதையும் ஏறத்தாழ இதுதானே? மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910-இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை தொடர்ந்தது. அவர்களுக்குக் கரும்பு, நமக்குப் பால்மரம். கப்பல் வேறு, கடல் வேறு, வயிற்றுப்பாடு ஒன்று.

1950-இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற அந்த இளைஞர், 1961-இல் 'மிஸ்டர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு' என்னும் நாவலை எழுதினார். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் அலையும் ஒரு சாதாரண மனிதனின் கதை அது. தோட்டத்து லயத்தில் பிறந்து, வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சத்திலேயே வளர்ந்த நம்மவர் எவரும் அந்நாவலைப் படித்தால் கண் கலங்காமல் இருக்க முடியாது. 1971-இல் புக்கர் பரிசும் 2001-இல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தன. 2018-இல் இலண்டனில் காலமானார். அவருடைய ஆற்றலில் எனக்கு ஐயமே இல்லை. ஆற்றல் மிக்கவர் என்பதாலேயே அவர் சொன்னதை எடை போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆற்றலற்றவர் தவறாக எழுதினால் எவரும் நம்பப் போவதில்லை.

நாவலில் தனி மனிதர், பயண நூலில் இனம்

நாவலில் மோகன் பிஸ்வாஸ் என்பவர் மோகன் பிஸ்வாஸ்தான். அவர் கோபப்பட்டால் அது அவருடைய கோபம். 'டிரினிடாட் இந்தியர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று நாவல் நமக்குச் சொல்வதில்லை. அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது.

பயண நூலில் நடப்பது வேறு. எழுத்தாளர் ஓர் ஊருக்குப் போகிறார். விடுதிப் பணியாளர் ஒருவரைக் காண்கிறார், வண்டியோட்டி ஒருவரைக் காண்கிறார், இயக்கத் தொண்டர் ஒருவரோடு சில நாள் பேசுகிறார். நாவலாசிரியரின் கை அல்லவா? அந்த மனிதரின் சட்டை, நடை, தயக்கம் எல்லாம் நம் கண்முன் நிற்கும். நாம் மயங்குகிறோம். அந்த மயக்கத்தில் இருக்கும்போதே அடுத்த பத்தியில் 'இந்த மக்கள்', 'இந்த நாகரிகம்', 'இந்தச் சமயம்' என்று தீர்ப்பு வந்து விழுகிறது. ஒருவரைப் பற்றிய வருணனை உண்மையாக இருப்பதால், ஓர் இனத்தைப் பற்றிய தீர்ப்பும் உண்மை என்று எண்ணிவிடுகிறோம். முன்னது கண்ணால் கண்டது. பின்னது மனத்தில் முன்பே இருந்தது. இரண்டையும் ஒட்ட வைக்கும் பசை, நடையழகு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அடுப்படியில் அது சரி. ஒரே உலையில், ஒரே தீயில், ஒரே நேரத்தில் வெந்த அரிசி அது. ஓர் இனம் ஒரே உலையில் வேகவில்லை. கிளந்தானின் மீனவரும், பேராக்கின் நெல் விவசாயியும், கோலாலம்பூரின் வழக்கறிஞரும் மலாய்க்காரர்கள்தாம். இவர்களுள் எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பீர்கள்?

இந்தியாவைப் பற்றி எழுதியபோது

1962-இல் நைபால் முதன்முதலாக இந்தியா சென்றார். ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். 1964-இல் வெளிவந்த 'இருளின் பிரதேசம்' என்னும் நூல் அப்பயணத்தின் பலன். அழுக்கு, பசி, சாதி, அலுவலகங்களில் நிலவிய மெத்தனம் ஆகியவற்றைக் கடுமையான சொற்களால் எழுதினார். இந்தியர் பலர் கொதித்தனர்.

அப்போது மறுமொழி எழுதியவர்களுள் மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேல் குறிப்பிடத்தக்கவர். அவர் இந்தியாவின் சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினரான யூதச் சமூகத்தைச் சேர்ந்தவர். நைபால் சுட்டிய குறைகள் இல்லை என்று அவர் மறுக்கவில்லை. அந்தக் குறைகளின் நடுவே வாழ்கிற மனிதர்களை நைபால் பார்க்கவில்லை, தம் எரிச்சலையே நாடாக எண்ணிவிட்டார் என்பதே அவர் வாதத்தின் சாரம். குறையைச் சொன்னதற்காக அவர் சண்டையிடவில்லை. சொன்னவர் நின்ற இடத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்.

1977-இல் 'இந்தியா: காயம்பட்ட நாகரிகம்' வெளிவந்தது. இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவிய காலத்தில் சென்று எழுதியது. விசயநகரத்தின் இடிபாடுகளைக் காட்டி, அங்கே ஓர் இந்து நாகரிகம் முசுலிம் படையெடுப்பால் முறிந்து போயிற்று என்ற கருத்தை முன்வைத்தார். இந்நூல்தான் நம்மவர் சிலருக்கு இனிக்கத் தொடங்கியது! முந்தைய நூலில் 'இவருக்கு என்ன தெரியும்' என்றவர்கள், இதில் 'பார்த்தீர்களா' என்றனர்.

வரலாறு என்ன சொல்கிறது? விசயநகர மன்னர்கள் தங்களை 'இந்து அரசர்களுள் சுல்தான்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். அவர்களின் படையில் முசுலிம் வீரர்கள் இருந்தனர். அம்பியில் இன்றும் நிற்கும் யானைக் கொட்டிலும் தாமரை மகாலும் இசுலாமியக் கட்டடக் கலையின் வளைவுகளையும் குவிமாடங்களையும் தாங்கி நிற்கின்றன. இவற்றையெல்லாம் காட்டி, வரலாற்று எழுத்தாளர் வில்லியம் டால்ரிம்பிள் 2004-இல் நைபாலை மறுத்தார். நைபால் நின்று பார்த்த அதே இடிபாட்டில்தான் அவருடைய கருத்துக்கு மறுப்பும் கல்லில் நிற்கிறது. அதைப் பார்க்க அவர் கண் ஆயத்தமாக இல்லை.

மலேசியாவைப் பற்றி எழுதியபோது

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1979 ஆகஸ்டு முதல் 1980 பிப்ரவரி வரை நைபால் நான்கு நாடுகளில் பயணம் செய்தார். ஈரான், பாகிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா. 1981-இல் 'நம்பிக்கையாளர்களிடையே' என்ற நூல் வந்தது. 1995-இல் மீண்டும் அதே நான்கு நாடுகள். 1998-இல் 'நம்பிக்கைக்கு அப்பால்' என்ற நூல். இந்த இரண்டாம் நூலில் நம் நாட்டுப் பகுதிக்கு அவர் இட்ட தலைப்பு 'மலேசியப் பின்குறிப்பு'. ஒரு நாடே பின்குறிப்பாகிவிட்டது! அதன் துணைத் தலைப்போ தேங்காய் ஓட்டைத் தூக்குவது பற்றியது. 'காத்தாக் டி பாவா தெம்புரோங்' என்னும் மலாய்ப் பழமொழியை நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் படிக்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் தவளை. நம் கிணற்றுத் தவளையின் உடன்பிறப்பு. அந்த ஓட்டைத் தூக்கிப் பார்க்க வந்தவர் தம் தலைமேலும் ஓர் ஓடு இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தாரா?

அவருக்குப் பாரசீகம் தெரியாது; மலாய் தெரியாது. ஆங்கிலம் பேசியவர்களோடு பேசினார். மற்றவர்களோடு மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினார். ஆசிரியர்களாகிய நமக்கு இதன் பொருள் நன்றாகவே தெரியும். வீட்டில் தமிழ் பேசும் முதலாம் ஆண்டுப் பிள்ளை மலாயில் தன் வருத்தத்தைச் சொல்ல முயன்றால் என்ன வரும்? கால்வாசி வரும். அந்தக் கால்வாசியைக் கேட்டு, 'இந்தப் பிள்ளைக்கு ஆழமான சிந்தனை இல்லை' என்று குறிப்பெழுதும் ஆசிரியரை நாம் மன்னிப்போமா?

மலேசியாவில் 1979-இல் அவர் அதிகம் பேசியது அபிம் என்னும் இசுலாமிய இளைஞர் இயக்கத்தைச் சார்ந்தவர்களோடு. அன்றைக்கு அவ்வியக்கத்தின் தலைவர் அன்வார் இப்ராகிம். 2022-இல் அவரே நாட்டின் பிரதமரானார். நைபாலின் நூலில் ஷாஃபி என்ற இளைஞர் வருகிறார். கம்பத்தில் பிறந்து கோலாலம்பூருக்கு வந்தவர். ஊரில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தது, பட்டணத்தில் அது இல்லாதது, காசு ஆட்சி செய்வது ஆகியவற்றை எண்ணி ஏங்குகிறார்.

பெற்றோர்களே, அந்தப் பக்கங்களில் 'கம்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் 'தோட்டம்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். அது நம் சிற்றப்பாவின் குரல்! தோட்டம் துண்டாடப்பட்டு, கோவிலையும் பள்ளியையும் விட்டுவிட்டுப் பட்டணத்துப் புறம்போக்கில் குடியேறிய நம்மவர் பேசும் அதே பேச்சு. 1969 கலவரத்துக்குப் பின் 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை கம்பத்து இளைஞர்களைப் பட்டணத்துக்கு அழைத்தது. தோட்டங்களின் சரிவு நம் இளைஞர்களைப் பட்டணத்துக்குத் தள்ளியது. வந்து சேர்ந்த இடம் ஒன்று. பட்ட திகைப்பும் ஒன்று. நைபால் கையில் கிடைத்த சான்று, இரண்டு ஏழைச் சமூகங்களின் ஒரே வலியைக் காட்டும் சான்று. அவரோ அதை ஒரு சமயத்தின் நோயாக எழுதினார். அந்தப் பகுதிக்கு அவர் வைத்த தலைப்பே 'ஆதி நம்பிக்கை' என்ற பொருளில் அமைந்தது. நாமோ அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, அந்த வலியை விட்டுவிட்டோம்.

மதம் மாறியவர் என்னும் வாதம்

'நம்பிக்கைக்கு அப்பால்' நூலின் அடிப்படை வாதம் இதுதான்: இசுலாம் அரபு நாட்டில் தோன்றியது, ஆகவே அரபியர் அல்லாத முசுலிம்கள் எல்லாரும் மதம் மாறியவர்கள், மாறியவர்கள் தம் சொந்த வரலாற்றைத் துறந்தாக வேண்டும், அதனால் அவர்கள் மனத்தில் ஆறாத பிளவு இருக்கிறது. எட்வர்ட் சயீத் 1998-லேயே இதை மிகக் கடுமையாகச் சாடினார்.

நான் பேரறிஞன் அல்லன், தொடக்கப்பள்ளி ஆசிரியன். என் பாடப்புத்தகத்தில் உள்ளதை வைத்தே கேட்கிறேன். ஏழாம் நூற்றாண்டு அரபியரும் மதம் மாறியவர்கள்தாமே? கிறித்துவம் மேற்காசியாவில் தோன்றியது. அதை ஏற்ற ஆங்கிலேயரை 'மனம் பிளந்த மதமாறிகள்' என்று எவரும் எழுதுவதில்லையே? பௌத்தம் இந்தியாவிலிருந்து யப்பானுக்குப் போயிற்று. யப்பானியர் தம் வரலாற்றை இழந்துவிட்டனரா? உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்னும் தமிழ்க் காப்பியமாகப் பாடினார். அவர் தமிழைத் துறந்தாரா, தமிழுக்குச் செல்வம் சேர்த்தாரா? பினாங்கு சூலியா தெருவில் நாகூர் தர்காவின் பெயரைத் தாங்கி நிற்கும் சிறு கட்டடத்தைப் பாருங்கள். கடல் கடந்து வந்த தமிழ் முசுலிம்கள் மெக்காவை மட்டுமா நினைவில் வைத்திருந்தார்கள்?

மலாய் மொழியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மலாய் முசுலிம் தம் சமயத்தைக் குறிக்கச் சொல்லும் சொல் 'அகாமா'. அது நம் ஆகமம். நோன்புக்குப் 'புவாசா', அது உபவாசம். சொர்க்கத்துக்கு 'ஷுர்கா', நரகத்துக்கு 'நெராக்கா'. தொழுகையைக் குறிக்கும் 'செம்பாஹ்யாங்' என்னும் சொல்லில் இசுலாத்துக்கு முற்பட்ட தெய்வத்தைக் குறிக்கும் 'ஹ்யாங்' அப்படியே உறைந்திருக்கிறது. ஆசிரியருக்குக் 'குரு', மொழிக்குப் 'பஹாசா'. இவையெல்லாம் சமற்கிருதத்தின் கொடை. கடைக்குக் 'கெடாய்', கப்பலுக்குக் 'காப்பால்', கட்டிலுக்குக் 'காத்தில்'. இவை தமிழின் கொடை. தொழும்போதும் நோற்கும்போதும் பழஞ்சொற்களையே நாவில் வைத்திருக்கும் ஓர் இனத்தைப் பார்த்து, வரலாற்றைத் துறந்தவர்கள் என்று சொல்ல, அம்மொழி தெரியாதவரால் மட்டுமே முடியும்.

எதிர்ப்பவர்கள் சொல்லக்கூடியவை

முதலாவது: "அழிக்க முயல்வோர் இருக்கிறார்களே!" இருக்கிறார்கள். மறைக்க மாட்டேன். 1990-இல் கிளந்தானில் ஆட்சிக்கு வந்த பாஸ் கட்சியின் அரசு, 1991-இல் மாக் யோங் என்னும் பழங்கூத்தைத் தடை செய்தது. இராமாயணக் கதையை நிழலில் ஆடும் வாயாங் கூலிட் கலையும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. இங்கே நைபாலின் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. எனினும், அந்தக் கலைகளை வீட்டுக் கொல்லையிலும் பிற மாநிலங்களிலும் ஆடி ஆடிக் காப்பாற்றியவர்கள் யார்? மலாய் முசுலிம் கலைஞர்கள்தாம். 2005-இல் யுனெஸ்கோ மாக் யோங்கை மானுடத்தின் அரிய மரபாக அறிவித்தது. 2019-இல் கிளந்தானின் தடையும் நிபந்தனைகளோடு தளர்ந்தது. தடை போட்டவரும் மலாய்க்காரர். தடைக்குப் பணியாதவரும் மலாய்க்காரர். ஒரு வீட்டுக்குள் நடக்கும் வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு, 'இந்த வீடே இப்படித்தான்' என்பது தீர்ப்பாகுமா?

இரண்டாவது: "வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெளிவாகத் தெரியும்." இந்த வாதத்தை நைபாலே காந்தியடிகளை வைத்துச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் இருந்தவர் என்பதால்தான் காந்தியடிகளால் இந்தியாவின் அழுக்கைக் காண முடிந்தது என்றார். நல்ல கருத்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காந்தியடிகள் 1915 சனவரியில் நாடு திரும்பியதும் என்ன செய்தார்? கோகலேயின் அறிவுரையை ஏற்று, ஓராண்டுக்காலம் அரசியல் பேசாமல் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு துடைப்பத்தைக் கையில் எடுத்தார். வெளியாளின் கண் மட்டும் போதாது; மூடிய வாயும், திறந்த காதும், குனிந்த முதுகும் வேண்டும் என்பதே அங்கே பாடம்.

மூன்றாவது: "நோபல் பரிசு பெற்றவரைக் குறை சொல்ல நீ யார்?" பரிசு அவர் எழுத்துக்குக் கிடைத்தது. மலாய்க்காரர்களைப் பற்றிய அவருடைய கருத்துக்கு முத்திரை குத்த அப்பரிசு வரவில்லை. நாளை வேறொரு பெரிய எழுத்தாளர் நம் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நாள் வந்து, கூரை ஒழுகுவதையும் ஒரு பிள்ளை செருப்பின்றி நிற்பதையும் கண்டு, 'தோல்வியுற்ற சமூகம்' என்று அழகாக எழுதிவிட்டுப் போகட்டும். அப்போதும் பரிசைக் காட்டி வாய்மூடி இருப்பீர்களா? அந்தப் பிள்ளை ஐந்து மைல் தள்ளி இருந்து வருவதும், அதன் தாய் இரவு வேலை முடித்து வந்து சோறு கட்டிக் கொடுப்பதும், அதே பிள்ளை அறிவியல் விழாவில் பரிசு வாங்கியதும் ஒருநாள் விருந்தினருக்கு எப்படித் தெரியும்? நம்மைப் பற்றி அப்படி எழுதக் கூடாது என்றால், பிறரைப் பற்றி அப்படி எழுதியதை நாம் கொண்டாடவும் கூடாது.

நைபாலுக்கு நைபாலே மறுப்பு

நான் சொல்வதை நம்பாதவர்கள் நைபாலையே படியுங்கள். 1990-இல் 'இந்தியா: பத்து இலட்சம் கலகங்கள்' என்ற நூலை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் மும்பையில் நீண்ட வரிசையில் நிற்கும் மக்களைக் காண்கிறார். பழைய நைபாலாக இருந்தால் அந்த வரிசையை வைத்தே ஒரு நாகரிகத்துக்கு இரங்கல் எழுதியிருப்பார். இம்முறை விசாரித்து அறிகிறார். அவர்கள் அம்பேத்கரின் பிறந்தநாளில் வணக்கம் செலுத்த நிற்பவர்கள். அவர் பார்வை திறக்கிறது. அந்நூல் முழுவதும் மனிதர்களைப் பேச விடுகிறார். தமிழ்நாட்டுக்கும் வருகிறார்; பெரியார் இயக்கத்தின் மறுபுறமும் இப்புறமும் உள்ளவர்கள் தம் கதைகளை நீளமாகச் சொல்கிறார்கள். இருள் என்று 1964-இல் எழுதிய நாட்டில், தலைமுறை தலைமுறையாக அடங்கிக் கிடந்தவர்கள் தலைநிமிரும் ஓசையை 1990-இல் கேட்டார்.

நாடு மாறியிருந்தது, உண்மைதான். கேட்கும் முறையும் மாறியிருந்தது. இங்கேதான் என் மனக்குறை. இந்தியாவுக்கு இருபத்தைந்து ஆண்டு பொறுமையும் மூன்று நூல்களும் கொடுத்தார். முன்னோர் நாடு என்ற ஒட்டுதல் அவரைத் திரும்பத் திரும்ப இழுத்தது. மலேசியாவுக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. 1995-இல் மீண்டும் வந்தார், மனிதர்களின் கதைகளைக் கேட்கவும் செய்தார். ஆயினும் நூலின் முகப்பிலேயே 'மதம் மாறியவர்கள்' என்ற முடிவு எழுதப்பட்டிருந்தது. முடிவை முதற்பக்கத்தில் எழுதிவிட்டால், பின்வரும் பக்கங்களில் எவர் என்ன பேசினாலும் அது சான்றாக மட்டுமே ஆகும்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியது

"இதற்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. பள்ளி விடுமுறை முடிந்ததும் நாம் பயணக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். ஹாட்யாய் போய் வந்த பிள்ளை, 'தாய்லாந்து மக்கள் மிகவும் ஏழைகள். அனைவரும் தெருவில் வியாபாரம் செய்கிறார்கள்' என்று எழுதுகிறது. நாம் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு 'நன்று' என்று போடுகிறோம். பத்து வயதில் திருத்தப்படாத அந்த 'அனைவரும்', நாற்பது வயதில் புலனக் குழுவில் வந்து நிற்கிறது.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவதாக, பயணக் கட்டுரையில் 'அனைவரும்', 'எல்லாரும்', 'அவர்கள் எப்போதும்' என்று வந்தால் சிவப்பு மையால் சுழியுங்கள். 'நீ கண்டது எத்தனை பேரை?' என்று ஓரத்தில் எழுதுங்கள். இரண்டாவதாக, 'அவர்களின் மொழியில் நீ கற்ற ஒரு சொல்லை எழுது' என்று கேளுங்கள்; ஒரு சொல் கற்க வேண்டுமானால் ஒருவரோடு பேசியாக வேண்டும். மூன்றாவதாக, 'அவர்களுள் ஒருவர் நம் ஊருக்கு ஒருநாள் வந்தால் நம்மைப் பற்றி என்ன எழுதுவார்?' என்று கடைசிப் பத்தியை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். எழுதி முடிக்கும்போது யோசிப்பார்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்றே ஒன்று. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ அமரப் போகிறது. அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்கும் முன்பே, அதன் இனத்தைப் பற்றிய முடிவை நாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊட்டி அனுப்புகிறோமா? அப்படி ஊட்டும்போது ஒரு பெரிய எழுத்தாளரின் பெயரைத் தொட்டுக்கொள்ளப் போடுகிறோமா? நம் பிள்ளையைப் பற்றியும் அந்த வீட்டு மேசையில் இப்படி ஒரு முடிவு ஊட்டப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஊட்டல் நமக்கு வலிக்கும்போது, நம் ஊட்டலும் வலிக்கத்தானே செய்யும்?

நைபாலைப் படியுங்கள். 'மிஸ்டர் பிஸ்வாசுக்கு ஒரு வீடு' நாவலை முதலில் படியுங்கள். பிறகு இந்திய நூல்கள் மூன்றையும் வரிசையாகப் படியுங்கள். அதன் பின் நம் நாட்டைப் பற்றி எழுதியதற்கு வாருங்கள். இந்த வரிசையில் படித்தவர் எவரும் "நைபால் அன்றைக்கே சொல்லிவிட்டார்" என்று பேச்சை முடிக்க மாட்டார். பேச்சைத் தொடங்குவார்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்வர். அவர்களுள் பலர் கையெழுத்துப் போடவும் அறியாதவர்கள். நோபல் பரிசு பெற்றவரின் நூலை அளப்பதற்கும் அந்த அளவுகோல் போதும். நம்மை நாமே அளந்துகொள்வதற்கும் அதுவே போதும்.

உடன்படாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதுங்கள், படித்துவிட்டு எழுதுங்கள்.